வளவில் விழும் வெளிச்சம்: தூக்கத்தையும் விழிப்பையும் சீராக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தூக்கம் கெட்டவர்கள் எல்லோரும் இரவைத்தான் குறை சொல்கிறார்கள். கொசு, புழுக்கம், சரியில்லாத தலையணை, கோயில் திருவிழா ஒலிபெருக்கி. காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் கற்பித்துவரும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் அம்மாவின் தூக்கம் குலைந்தபோதுதான், பழுது இரவில் இல்லை, காலையில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

தேவகோட்டைக்கு அருகே கிராமத்தில் எங்கள் பழைய வீடு. அம்மாவும் உதவிக்கு ஒரு பெண்ணும் மட்டுமே அங்கே இருக்கிறார்கள். ஒரு ஐப்பசி மழையில் அம்மா வளவு வாசலில், அதாவது வீட்டின் நடுவே வானம் திறந்த முற்றத்தில், வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனாலும் பயந்துபோய், கூடமான பட்டாலையில் இருந்த அவருடைய படுக்கையை உள்ளறைக்கு மாற்றினோம். ஏசி போட்டோம், ஜன்னலை அடைத்தோம், சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னோம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம். மூன்று மாதத்தில் அம்மா, "பொட்டுத் தூக்கம் இல்லையப்பா, விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அவருக்காகப் படித்ததையும் செய்து பார்த்ததையும் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். முதலில் உடலுக்குள் நடப்பது, பிறகு செய்ய வேண்டியவை. முன்பகுதியைப் படிக்காமல் தாண்டிவிட வேண்டாம். காரணம் தெரியாமல் செய்கிற எதையும் நான்காம் நாள் விட்டுவிடுவோம்.

உள்ளே ஓடும் இரண்டு கணக்குகள்

தூக்கத்தை நடத்துபவை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள். சூரிக்கில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் இதைத் தெளிவான ஒரு கோட்பாடாக முன்வைத்தார். தூக்கம் பற்றிய ஆய்வுகள் இன்றும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

முதலாவது, தூக்கக் கடன். விழித்திருக்கும்போது மூளை செல்கள் எரிசக்தியைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவில் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வருகிறது. அது ஏற ஏறக் கண் சொருகும். தூங்கும்போது அது கரைந்து கணக்கு நேராகிறது. பகலில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் அந்தக் கடனில் ஒரு பகுதியைப் பகலிலேயே அடைத்துவிடுகிறோம். இரவில் படுக்கும்போது தூங்கத் தேவையான கடன் கையில் இருக்காது.

இரண்டாவது, உடல் கடிகாரம். நாம் எத்தனை மணி நேரம் விழித்திருந்தோம் என்பதைப் பற்றி இதற்குக் கவலையில்லை. இப்போது பகலா இரவா என்பதை மட்டும் உடலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் புள்ளிக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. தலைமைக் கடிகாரம் அதுதான். கல்லீரல், குடல், தசை என ஒவ்வோர் உறுப்புக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அவை இந்தத் தலைமையைப் பார்த்தும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தும் தங்களைத் திருத்திக்கொள்கின்றன.

கடிகாரம் எதனால் ஆனது? 1971-இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமூர் பென்சரும் பழ ஈக்களில், நாளின் நீளத்தையே மாற்றிவிடும் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதை விடுவித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நடப்பது இதுதான்: அந்த மரபணு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, தன்னை உண்டாக்கும் கட்டளையையே நிறுத்திவிடுகிறது. பிறகு மெல்லச் சிதைந்து குறைகிறது. குறைந்ததும் கட்டளை மீண்டும் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. மனித செல்களில் ஓடுவதும் இதே வகை ஏற்பாடுதான்.

"ஏறக்குறைய" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளிச்சமும் நேரமும் தெரியாத இடத்தில் வைத்தால் மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. யாரும் திருத்தாவிட்டால் தினமும் சற்றுப் பின்தங்கும். ஒரு வாரத்தில் ஒன்றரை மணி நேரம். இதைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம்.

நம் விழித்திரையில், உருவங்களைப் பார்க்கும் செல்களைத் தவிர மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட வேறு சில செல்களும் இருக்கின்றன. வெளியில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்வது அவற்றின் முக்கிய வேலை. நீல வெளிச்சத்துக்கு அவை அதிகம் மசியும். காலை வானத்தில் நிறைய இருப்பதும் அதுதான். பார்வை இழந்தவர்களிலும் இந்தச் செல்கள் பிழைத்திருந்தால் உடல் கடிகாரம் பகலோடு ஒட்டி ஓடக்கூடும் என்பதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

புளியமரமும் வௌவாலும்

இந்தத் தாளம் மனிதனுக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்ச் சாலையோரப் புளியமரம் அந்தி சாய்ந்ததும் சிற்றிலைகளைக் கூப்பிக்கொள்ளும். மாசிடோனிய மன்னர் அலெக்சாண்டரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தெனிஸ், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் ஒரு மரம் இப்படி இலை கூப்புவதைக் குறித்து வைத்தார். அது புளியமரமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 1729-இல் பிரெஞ்சு அறிஞர் டி மெய்ரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அது பகலில் விரித்தது, இரவில் கூப்பியது. நேரம் செடிக்குள்ளேயே ஓடுகிறது என்பதற்கு முதல் சான்று அது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆய்வும் நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் மதுரையை ஒட்டிய குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சம் எட்டாத குகைக்குள் கூண்டில் வைத்த வௌவால், கூட்டம் உடன் இருந்தவரை, மற்றவை இரை தேடப் புறப்படும் நேரத்தோடு ஒத்தே இயங்கியது. கூட்டம் இல்லாத குகையில் அதன் தாளம் தன் போக்கில் விலகிப்போயிற்று. உறவின் நடமாட்டமே அதற்குக் கடிகாரமாக இருந்திருக்கிறது. மனிதர்களை வெளியுலகத் தொடர்பின்றி வைத்து ஆராயும் தனியறையும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஆளில்லாத பெரிய வீட்டில் தனியாக இருக்கும் நம் முதியவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூண்டு வௌவால் நினைவுக்கு வருகிறது. மனிதருக்கு வெளிச்சம்தான் முதன்மை என்றாலும், சாப்பாடும் பேச்சும் ஆள் நடமாட்டமும் வந்துபோகும் நேரங்களும் நாளுக்கு ஒரு சட்டம் கட்டித் தருகின்றன.

ஆறு பொழுதில் உடல்

இலக்கண வகுப்பில் படித்த ஆறு சிறுபொழுதுகள் நினைவிருக்கிறதா? பத்து நாழிகைக்கு ஒன்றாக, நான்கு மணி நேரப் பகுதிகள். உடலின் நாளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சட்டகம் எனக்குக் கிடைக்கவில்லை.

மாலையின் பிற்பகுதியில், வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு, மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனினை விடத் தொடங்குகிறது. அது தூக்க மருந்தன்று. இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் போகிற தகவல். கை கால்களில் இரத்த ஓட்டம் கூடி, உள்வெப்பம் வெளியே கசிகிறது. யாமத்தில் ஆழ்ந்த தூக்கம். தூக்கம் சுற்றுச் சுற்றாக வரும், ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடங்கள். இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில்தான் ஆழ்நிலை அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும் அப்போதுதான். வைகறையில் கனவுத் தூக்கம் கூடுகிறது. உடல் வெப்பம் முந்தைய மாலையைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கி, விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அடிமட்டத்தைத் தொடுகிறது. திருச்சிச் சாலையில் அந்த நேரத்தில் வண்டி ஓட்டுபவர்கள் இதை மறக்கவே கூடாது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநருக்கும் கண் இழுக்கும் நேரம் அது.

காலையில் எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசால் என்ற ஹார்மோன் உச்சம் தொட்டு உடலை உசுப்பிவிடுகிறது. நண்பகலை ஒட்டி மனம் கூர்மையாக இருக்கும். எற்பாட்டின் தொடக்கத்தில், இரண்டு மூன்று மணிக்கு, ஒரு சோர்வு வரும். சாப்பிடாமல் இருந்தாலும் அது வரும், ஏனென்றால் அதுவும் தாளத்தின் ஒரு பகுதிதான். சாயங்காலத்தில் உடல் வெப்பமும் தசையின் வலுவும் உச்சத்தில் இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியவை.

முதல் படி: ஏழு நாள் சிட்டை

எதையும் மாற்றாதீர்கள். அன்றாடக் கணக்குக் குறிப்பான சிட்டையை ஏழு நாள் எழுத மட்டும் செய்யுங்கள். கணக்கு எழுதியே பெயர் பெற்ற செட்டிநாட்டுச் சீமை இது. வணிகத்துக்காகக் கொண்டுவிற்கப் போன இடத்திலும் அன்றாடச் சிட்டையை முடிக்காமல் படுக்காதவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது கடினமாக இருக்காது. அம்மாவின் சிட்டையில் ஒரு நாள் இப்படி இருந்தது:

திங்கள். படுத்தது 8.30. தூங்கியது 10.30 வாக்கில். விழிப்பு 1.15, மறுபடி 3.00. எழுந்தது 5.30. பகல் தூக்கம் 11 முதல் 12.30 வரை, 3 முதல் 4 வரை. காபி காலை 6, மாலை 4.30. வெளிச்சம்: இல்லை.

ஏழு நாளும் கடைசிக் கட்டத்தில் "இல்லை" என்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். இரவில் சராசரியாக 9 மணி நேரம் படுக்கையில் இருந்தார், அதில் ஐந்தே முக்கால் மணி நேரம் தூங்கினார். பகலில் இரண்டரை மணி நேரம். இரண்டையும் கூட்டினால் எட்டேகால். அம்மாவுக்குத் தூக்கம் குறையவே இல்லை! இருபத்து நான்கு மணி நேரத்திலும் அது சிதறிக் கிடந்தது. இதைக் காட்டியபோது முதலில் நம்ப மறுத்தார், பிறகு தானே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

சிட்டை எழுத இரவில் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். காலையில் எழுந்து உத்தேசமாக எழுதினால் போதும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரமோ தேவை. உங்கள் கூட்டுத்தொகையை அதனோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாம் படி: எழும் நேரத்தை ஆணியடித்து நிறுத்துதல்

படுக்கும் நேரத்தை நம்மால் ஆள முடியாது. தூக்கத்தை வா என்றால் வராது. ஆனால் எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. ஒரு நேரத்தைத் தேர்ந்து, ஞாயிற்றுக்கிழமையும் அதையே கடைப்பிடியுங்கள். முதல் நாள் இரவு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து படுக்கப் பன்னிரண்டு மணி ஆகியிருந்தாலும், மறுநாள் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. அன்று பகலில் அசதியாக இருக்கும். அந்த அசதி கூடுதல் கடனாகச் சேர்ந்து அன்றைய இரவை நமக்கு மீட்டுத் தரும். வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்குபவர், சிங்கப்பூருக்குப் போய்த் திரும்புகிற நேர மாற்றத்தைவிடப் பெரிய மாற்றத்தை வாராவாரம் உடலுக்குக் கொடுக்கிறார்.

மூன்றாம் படி: வளவு வெளிச்சம்

மற்ற எல்லாப் படிகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வானத்தின் கீழ் இருபது முதல் முப்பது நிமிடங்கள் இருக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. வானம் கண்ணில் படும்படி இருந்தால் போதும். டியூப்லைட் எரியும் அறையில் நூறு முதல் முந்நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய மழைக்காலக் காலையிலும் வெட்டவெளியில் சில ஆயிரம் லக்ஸ் உண்டு. நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சமன் செய்துவிடுவதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. மெலனாப்சின் செல்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் பகுதியின் பழைய வீடுகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் திறந்த வானம், சுற்றிலும் தேக்குத் தூண், அறைகளின் கதவுகள் எல்லாம் அந்த வானத்தைப் பார்த்தே திறக்கும். பல் விளக்கவோ காபி குடிக்கவோ அடுப்படிக்குப் போகவோ வளவைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். காற்றுக்காகவும் மழைநீருக்காகவும் கட்டினார்கள் என்று சொல்வோம். அதோடு, அந்த வீட்டில் குடியிருந்த எவரும் காலை வெளிச்சம் படாமல் தப்ப முடியாது என்பதும் உண்மை. கட்டில் உள்ளறைக்குப் போனபோது அம்மாவிடமிருந்து நாங்கள் பறித்தது அந்த வெளிச்சத்தைத்தான்.

என்ன செய்தோம்? வளவு வாசலைச் சுற்றிய தாழ்வாரத்தில், கால் வழுக்காத இடத்தில், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டோம். சுவரில் பிடிகம்பி அடித்தோம். காலைக் காபி அங்கேதான், பூ கட்டுவதும் கீரை ஆய்வதும் அங்கேதான். ஆறே முக்காலுக்கு உட்கார்ந்தால் ஏழரைக்குத்தான் உள்ளே போவார். மேற்கூரையில் கம்பிவலை மட்டும் போட்டிருந்தால் கவலையில்லை. நிறம் போட்ட தகடு வேய்ந்திருந்தால் திண்ணைக்கோ வாசலுக்கோ வாருங்கள்.

காரைக்குடியில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.50-க்கும் 6.40-க்கும் இடையில்தான். மே, ஜூன் மாதங்களில் சீக்கிரம், தை மாதத்தில் தாமதம். இவ்வளவு சீரான விடியல் கிடைப்பது பெரிய கொடை. குளிர்காலத்தில் ஒன்பது மணிவரை இருட்டாக இருக்கும் வடக்கு நாடுகளில் இதற்காகவே விளக்கு வாங்கி எதிரில் வைத்துக்கொள்கிறார்கள்.

வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல் வெளிச்சம் தேவை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல வெளிச்சத்தைத் தடுக்கிறது. அதோடு அவர்களுடைய கடிகாரமும் முன்னே நகர்கிறது. இரவு எட்டரைக்கே கண் சொருகி, நான்கரைக்கு விழிப்பு வருவது அந்த வயதில் நோயன்று. எங்கள் அப்பத்தா அப்படித்தான் எழுந்து கோலம் போட்டார், யாரும் அதைத் தூக்கமின்மை என்று சொல்லவில்லை. மிகவும் முன்னே போய்விட்டால் மாலை ஐந்தரை வெயிலில் வாசலில் உட்காரவைப்பது அதைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கும்.

நான்காம் படி: பகலின் காபியும் கண்ணயர்வும்

காபியிலுள்ள கஃபீன் அடினோசின் போய் அமரும் இருக்கைகளில் தான் அமர்ந்துகொள்கிறது. கடன் குறைவதில்லை, கடன் தெரியாமல் போகிறது. குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 4.30 காபியில் பாதி இரவு 9.30-க்கும் உடலில் இருக்கிறது. காபி இல்லாத நாள் நமக்கு நாளே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் நிறுத்தச் சொல்லவில்லை, பன்னிரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்கிறேன். மாலையில் சுக்குமல்லி காபி போடுங்கள். பெயரில்தான் காபி, காபித்தூள் சேர்க்காவிட்டால் அதில் கஃபீன் கிடையாது.

மதியத் தூக்கம் தவறில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடங்கள், மூன்று மணிக்கு முன்பு. ஆத்தங்குடிக் கல் தரையில் பாயை விரித்து ஒரு கோழித் தூக்கம் போட்டால் உடல் தெளியும். முக்கால் மணியைத் தாண்டினால் ஆழ்தூக்கத்துக்குள் இறங்கி, எழும்போது தலை கனக்கும். இரவுத் தூக்கம் கெட்டவர்கள் சில வாரங்களுக்கு இதையும் விடுவது நல்லது.

ஐந்தாம் படி: விளக்கு வைத்த பிறகு

காலையில் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறது என்றால், இரவு வெளிச்சம் அதைப் பின்னே தள்ளுகிறது, மெலடோனினையும் அடக்குகிறது. ஒன்பது மணிக்கு மேல் கூடத்து வெள்ளை எல்.இ.டி.யை அணைத்துவிட்டு, மஞ்சள் விளக்கு ஒன்றை இடுப்பு உயரத்துக்குக் கீழே வையுங்கள். கழிப்பறை போகும் வழிக்குத் தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு போதும். இருட்டில் விழவும் கூடாது, பளீர் வெளிச்சத்தில் விழித்துவிடவும் கூடாது. கைபேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் வெளிச்சத்தைவிட அதில் வருகிற செய்தி பெரிய கேடு என்பது என் அனுபவம்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாதிக் குடும்பங்களில் பிள்ளைகள் வெளிநாட்டில். அமெரிக்காவில் பேரன் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் நமக்கு மாலை, அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரம் நமக்கு விடிகாலை. பிள்ளை எப்போது கூப்பிடுவானோ என்று பதினொரு மணிவரை கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். அயலூரில் இருக்கும் தம்பி தங்கைகளே, ஒரு நேரத்தைக் குறித்து அதே நேரத்தில் பேசுங்கள். நம் காலை ஏழு மணி நல்ல நேரம். அம்மா வளவில் உட்கார்ந்து பேசுவார், உங்களால் அவருக்கு வெளிச்சமும் கிடைக்கும்.

இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். எட்டு மணிக்கு முன் இட்லியோ இடியாப்பமோ போதும். மது தூங்கவைப்பது போலத் தோன்றும், பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

ஆறாம் படி: படுக்கும் இடத்தின் வெப்பம்

தூக்கம் வர உடலின் உள்வெப்பம் இறங்கியாக வேண்டும். காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கக்குகிறது. கத்திரியில் மாடி அறையைவிடக் கீழ்த்தளம் நல்லது. படுப்பதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். வெந்நீர் சூடேற்றும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. தோலுக்கு இரத்தம் பாய்ந்து, உள்வெப்பம் வெளியேறிவிடும். பருத்தி விரிப்பு, மின்விசிறி, சன்னலில் கொசுவலை. இதற்கு மேல் வேண்டியதில்லை.

ஏழாம் படி: தூக்கம் வராத இரவில்

இருபது நிமிடம்போலப் புரண்டு படுத்தும் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து வெற்றிலை துடையுங்கள், துணி மடியுங்கள், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைச் சொல்லுங்கள். கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். படுக்கை என்றால் போராட்டம் என்று மூளை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை உடைப்பதற்குத்தான் இது.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் பரிந்துரைக்கப்படுவது இத்தகைய நடத்தைப் பயிற்சிதான். அதில் வலுவான பகுதி, படுக்கை நேரத்தைச் சுருக்குவது. அம்மா 9 மணி நேரம் படுத்து ஐந்தே முக்கால் தூங்கினார், அதாவது படுத்த நேரத்தில் 64 சதவீதம். படுக்கை நேரத்தை இரவு 10.30 முதல் காலை 5.00 வரை, ஆறரை மணி நேரமாகக் குறைத்தோம். முதல் வாரம் கடினமாக இருந்தது. பத்தரை வரை விழித்திருக்கவைக்க உதவிக்கு இருந்த பெண் பல்லாங்குழி எடுத்து வந்தாள். மூன்றாம் வாரம் 85 சதவீதத்தைத் தாண்டியதும் கால் மணி நேரம் கூட்டினோம். இப்போது 10 முதல் 5 வரை. நடுவில் ஒருமுறை எழுகிறார், திரும்பவும் தூங்கிவிடுகிறார்.

ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே யாரும் குறைக்கக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும் கனரக வாகனம் ஓட்டுபவர்களும் மருத்துவர் துணையின்றி இதைச் செய்யவே வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு

பதின்வயதில் கடிகாரம் தானே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னே போகிறது. பத்தரைக்கும் தூக்கம் வராத பிள்ளை சோம்பேறியன்று. அந்தப் பிள்ளையை ஐந்து மணித் தனி வகுப்புக்கு அனுப்புவது கனவுத் தூக்கம் மிகுந்த பகுதியை வெட்டி எடுப்பதாகும். படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். முதல் பாடவேளையில் என் எதிரில் உட்கார்ந்தபடியே தூங்கும் குழந்தைகளை நான் எழுப்பித் திட்டிய காலம் உண்டு. அதற்காக இன்றும் வருந்துகிறேன். பெற்றோரே, காலை வகுப்பை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு

செவிலியர், காவலர், வெளிநாட்டு நிறுவனங்களுக்காக விடிய விடியக் கணினியில் உட்காருபவர்கள், விசேஷ வீட்டுச் சமையல்காரர்கள். வேலை நேரத்தின் முற்பாதியில் நல்ல வெளிச்சமும், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். படுக்கும் அறையைக் கனத்த திரையால் இருட்டாக்குங்கள். விடுப்பு நாளிலும் ஒரு நான்கு மணி நேரத் தூக்கமாவது வேலை நாள் தூக்கத்தோடு ஒரே நேரத்தில் அமையட்டும். அவர்களுடைய பகல் இரவுக்குச் சமம், பத்து மணிக்குக் கதவைத் தட்டாதீர்கள் என்று வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் என்றால் மூச்சடைப்புத் தூக்கக் கோளாறாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தையும் அது ஏற்றிவிடும். இரவு முழுவதும் அளந்து பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. காலில் ஊர்வது போன்ற தவிப்பு இருந்தால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரையையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். கனவில் கை கால் வீசி அடிப்பவர்கள் நரம்பியல் மருத்துவரிடம் போவது நல்லது. மனச்சோர்வு தூக்கத்தின் வழியாகவே முதலில் வெளிப்படுவதும் உண்டு. தூக்க மாத்திரையையோ மெலடோனினையோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் தாங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.

அயலூரிலிருந்து வருகிறவர்களுக்கு

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தால் வேறுபாடு இரண்டரை மணி நேரம்தான். மூன்று நாளில் சரியாகும். தை மாதக் கல்யாணத்துக்கு நியூயார்க்கிலிருந்து வருபவருக்குப் பத்தரை மணி நேரம். இங்கே மட்டும் காலை வெளிச்ச விதி தலைகீழாகும். நியூயார்க்கில் ஏழு மணிக்கு எழுபவரின் உடல் வெப்பம் அங்கே விடிகாலை நாலரை வாக்கில் அடிமட்டம் தொடும். நம் கணக்கில் அது பிற்பகல் மூன்று மணி. அந்தப் புள்ளிக்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே தள்ளும், பின் படும் வெளிச்சம் முன்னே கொண்டுவரும். அதனால் வந்த முதல் இரண்டு மூன்று நாள் காலையில் வீட்டுக்குள் இருங்கள், வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். மூன்றரைக்கு மேல் பொழுது சாயும்வரை வாசலில், தெருவில், கண்மாய்க் கரையில் நடங்கள். வெளிச்ச நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரம்போல முன்னே கொண்டுவாருங்கள். ஐந்தாறு நாள் கழித்து நண்பகலுக்கு முன்பே வெளியில் இருக்கலாம், பத்தாம் நாள்போலக் காலைக் காபிக்கு வளவில் வந்து உட்காரலாம்.